ஒரு பெட்டிக்குள் நான்கு கம்ப்யூட்டர்: வாசகர் கேள்விகள், பதில்கள்

ஒரே சர்வரில் பல ஆபரேட்டிங் சிஸ்டங்களை ஓட்டுவது பற்றி சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். அடியில் இருக்கும் நிஜ இயந்திரம் ஹோஸ்ட். அதன் மேல் ஓடும் ஒவ்வொரு சிஸ்டமும் கெஸ்ட். கேட்டவர்களில் பெரும்பாலோர் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ பயன்படுத்துகிறவர்கள் என்பதால் பதில்களும் அதை வைத்தே. டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம் (கெஸ்ட்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) வைத்துக் கட்டிய, இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய சிஸ்டம் அது.

எங்கள் ஆடிட்டர் ஆபீசில் டேலி டேட்டாவுக்கு ஒன்று, ஃபைல் ஷேருக்கு ஒன்று, வருகைப்பதிவு மென்பொருளுக்கு ஒன்று என்று மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்துக்குள் கொண்டுவர எவ்வளவு திறன் வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?
— ஆடிட்டர் அலுவலக மேலாளர், அஸ்தம்பட்டி

முதலில் ரேமைக் கணக்குப் போடுங்கள். பிராசசரைப் பல கெஸ்ட்கள் பங்குபோட்டுக் கொள்ளும். நிஜக் கோர்களைப் போல மூன்று மடங்கு வரை விர்ச்சுவல் கோர் கொடுத்தாலும் ஆபீஸ் வேலைக்குத் தடங்கல் வராது. ரேம் அப்படி இல்லை. ஒருவருக்குக் கொடுத்தது அவருக்குத்தான். டேலி டேட்டா இருக்கும் விண்டோஸ் 11-க்கு 8 ஜிபி, வருகைப்பதிவு விண்டோஸுக்கு 4 ஜிபி, ஃபைல் ஷேருக்கு லினக்ஸ் என்றால் 2 ஜிபி. ஹோஸ்ட்டுக்கு 2 ஜிபி. டிஸ்க்கை இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைத்தால் அதன் கேஷுக்கு (தற்காலிக நினைவுக்கு) 2 அல்லது 3 ஜிபி. மொத்தம் 19-ஐத் தொடுகிறது. ஆகவே 32 ஜிபி வாங்குங்கள், 16 போதாது. 6 கோர் உள்ள சாதாரண ஐ5 அல்லது ரைசன் 5 இதற்குத் தாராளம்.

பிராசசரில் மிச்சமாகும் பணத்தை டிஸ்க்கிலும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். இன்று மூன்றில் ஒரு கம்ப்யூட்டர் நின்றால் மற்ற இரண்டும் ஓடும். நாளை அந்த ஒரே பெட்டி நின்றால் ஆபீசே நிற்கும். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு எஸ்எஸ்டி வாங்கி மிரர் செய்யுங்கள், அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா எழுதப்படட்டும். ஒன்று போனாலும் மற்றது ஓடும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் பயாஸில் இரண்டு இடம் பாருங்கள். இன்டெல் போர்டில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டி போர்டில் 'எஸ்விஎம் மோட்'. பல போர்டுகள் இதை அணைத்து வைத்தே வருகின்றன; அணைந்திருந்தால் கெஸ்ட் கிளம்பவே கிளம்பாது. அடுத்தது, மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது என்று கேட்கும் 'ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்'. அதை 'பவர் ஆன்' என்று வையுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான இமேஜ் ஃபைல்) பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் 'டிடி இமேஜ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண ஐஎஸ்ஓ முறையில் எழுதிய பென்டிரைவ் பாதியில் நின்றுவிடும். இன்ஸ்டாலரில் டிஸ்க் கேட்கும் இடத்தில் ஆப்ஷன்ஸ் திறந்து இசட்எஃப்எஸ் ரெய்டு1 (மிரர்) கொடுத்து இரண்டு எஸ்எஸ்டியையும் சேருங்கள். ஐபி முகவரியை ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எல்லைக்கு வெளியே ஒன்றாக, உதாரணமாக 192.168.1.10 என்று நிலையாக வையுங்கள். இயந்திரத்தின் பெயரை யோசித்து வையுங்கள். கெஸ்ட்கள் வந்தபின் பெயர் மாற்றுவது பெரிய தொல்லை.

பிறகு வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்த ஐபியை, 8006 என்ற போர்ட்டோடு, எச்டிடிபிஎஸ் முறையில் திறக்க வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கை வரும். சான்றிதழை இயந்திரமே தனக்குத் தானே எழுதிக்கொண்டதால் வருவது அது, தாண்டிப் போகலாம். முதல் அப்டேட்டிலேயே 401 என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். கட்டணச் சந்தாவுக்கான என்டர்பிரைஸ் ரெப்பாசிட்டரி (அப்டேட் இறக்கும் இடம்) இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. அப்டேட்ஸ் பகுதியில் ரெப்பாசிட்டரீஸ் திறந்து அதை நிறுத்திவிட்டு, நோ-சப்ஸ்கிரிப்ஷனைச் சேர்த்தால் சரியாகும்.

விண்டோஸ் 11 கெஸ்ட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மெஷின் வகை க்யூ35, பயாஸ் ஓவிஎம்எஃப், கூடவே ஈஎஃப்ஐ டிஸ்க், டிபிஎம் 2.0 இரண்டையும் சேர்க்க வேண்டும். டிஸ்க் கன்ட்ரோலர் விர்ட்டியோ ஸ்கஸி சிங்கிள். டிஸ்க்கில் 'டிஸ்கார்ட்' பெட்டியை டிக் செய்யுங்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓவோடு இரண்டாவது சிடி டிரைவ் ஒன்று சேர்த்து அதில் விர்ச்சுவல் கருவிகளுக்கான விண்டோஸ் டிரைவர்கள் உள்ள விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓவை மாட்டுங்கள். எங்கே இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் திரையில் டிஸ்க்கே தெரியாது. கன்ட்ரோலருக்கான டிரைவர் விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான். 'லோட் டிரைவர்' அழுத்தி விஐஓஸ்கஸி ஃபோல்டருக்குள் டபிள்யூ11, அதற்குள் ஏஎம்டி64 என்று போனால் டிஸ்க் வந்துவிடும். அதே திரையிலேயே நெட்வொர்க்குக்கான நெட்கேவிஎம் டிரைவரையும் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரத்தில் இன்டர்நெட் இல்லை என்று நின்றுவிடும். முடிந்ததும் அதே சிடியில் உள்ள கெஸ்ட் டூல்ஸை ஓட்டி, ப்ராக்ஸ்மாக்ஸில் கெஸ்ட் ஏஜென்ட்டை (கெஸ்ட்டுக்குள்ளிருந்து ஹோஸ்ட்டோடு பேசும் சிறு மென்பொருள்) இயக்குங்கள்.

சிபியு வகை: லினக்ஸ் கெஸ்ட்டுக்கு 'ஹோஸ்ட்' கொடுக்கலாம். விண்டோஸுக்கு 'ஹோஸ்ட்' கொடுத்து மந்தமாகத் தெரிந்தால், எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் என்று மாற்றிப் பாருங்கள். 'ஹோஸ்ட்' கொடுக்கும்போது விண்டோஸ் தனக்குள்ளேயே இன்னொரு விர்ச்சுவலைசேஷன் பாதுகாப்பு அடுக்கைக் கிளப்பிக்கொள்வது உண்டு.

டேலி உரிமத்தைப் பழைய கம்ப்யூட்டரில் சரண்டர் செய்துவிட்டுப் புதிய கெஸ்ட்டில் ஆக்டிவேட் செய்யுங்கள். வரிசை மாறினால் வேலை நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆளாளுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரே விண்டோஸ் 11 ப்ரோவுக்குள் வரலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான். பலர் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் அதற்குரிய ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப்) உரிமங்களும் வாங்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம்: ஹோஸ்ட்டின் மேலேயே நேராக ஃபைல் ஷேர், கேமரா ரெக்கார்டர் என்று எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். எல்லாம் கெஸ்ட்டுக்குள் போகட்டும். ஹோஸ்ட் கெட்டால் அரை மணியில் புதிதாகப் போட்டு, பேக்கப்பிலிருந்து கெஸ்ட்களை மீட்டுவிடலாம்; ஹோஸ்ட்டிலேயே வேலை ஓடினால் அந்த வசதி போய்விடும்.

ஜவ்வரிசி மில்லில் எடை மேடை மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை. கம்ப்யூட்டர் எந்நேரமும் போய்விடும் போல இருக்கிறது. சீரியல் கேபிளில் எடை காட்டும் இன்டிகேட்டரும், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் இணைந்திருக்கின்றன. அப்படியே கெஸ்ட்டாக மாற்ற முடியுமா?
— மில் கணக்காளர், ஆத்தூர்

முடியும். பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். அது படுத்த பிறகு வேலை பல மடங்கு.

எக்ஸ்பி தன் டிஸ்க் கன்ட்ரோலரை மனதில் வைத்தே பூட் ஆகும். வேறு கன்ட்ரோலரில் எழுப்பினால் 7பி என்று முடியும் நீலத்திரை வரும். இதற்கு முன்னேற்பாடாக, பழைய கம்ப்யூட்டரில் இருக்கும்போதே 'மெர்ஜ்ஐடிஈ' என்ற ரெஜிஸ்ட்ரி ஃபைலை ஓட்ட வேண்டும். ஐடிஈ (பழைய டிஸ்க் இணைப்பு முறை) டிரைவர்கள் எல்லாம் பூட்டிலேயே கிளம்பும்படி அது பதிந்துவிடும். புதிய ஹோஸ்ட் ஏஎம்டி என்றால், 'இன்டெல்பிபிஎம்' சர்வீஸின் 'ஸ்டார்ட்' மதிப்பையும் 4 என்று மாற்றி நிறுத்திவிடுங்கள். இன்டெல் பிராசசரைத் தேடி அதுவும் நீலத்திரை காட்டக்கூடும்.

பிறகு முறையாக ஷட்டவுன் செய்து, டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஈ-யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக ஹோஸ்ட்டில் மாட்டி, டிடி கட்டளையால் முழு டிஸ்க்கையும் ஒரு ஃபைலாகப் படி எடுங்கள். கழற்றத் தயக்கமாக இருந்தால் டிஸ்க் நகலெடுக்கும் க்ளோன்ஜில்லா பென்டிரைவில் பூட் செய்தும் எடுக்கலாம். எந்த வழியானாலும் அந்தப் பழைய டிஸ்க்கில் இனி எதையும் எழுத வேண்டாம். தனியாக எடுத்து வையுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸில் கெஸ்ட்டை இப்படி அமையுங்கள்: ஓஎஸ் வகை எக்ஸ்பி, மெஷின் ஐ440எஃப்எக்ஸ், பயாஸ் சீபயாஸ், ஒரே கோர், 1 ஜிபி ரேம். நெட்வொர்க் கார்டு ஆர்டிஎல்8139; இதற்கான டிரைவர் எக்ஸ்பியிலேயே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒற்றைக் கோர் என்றால் கெஸ்ட்டுக்கு இரண்டு கோர் கொடுத்து எந்தப் பயனும் இல்லை, எக்ஸ்பி இரண்டாவதைத் தொடாது. 'க்யூஎம் டிஸ்க் இம்போர்ட்' கட்டளையால் இமேஜை உள்ளே கொண்டுவந்து ஐடிஈ0-வில் மாட்டி, பூட் வரிசையில் முதலில் வையுங்கள்.

சீரியல் போர்ட் விஷயத்தில் பலர் சுற்றி வளைத்துப் போகிறார்கள். யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரை அப்படியே எக்ஸ்பிக்குள் தள்ளிவிட்டு, அதற்கு எக்ஸ்பி டிரைவர் தேடி அலைவார்கள். தேவையே இல்லை. கன்வெர்ட்டரை ஹோஸ்ட்டே கவனித்துக்கொள்ளட்டும். லினக்ஸில் டிரைவர் ஏற்கெனவே உண்டு. கெஸ்ட்டின் 'சீரியல்0' அமைப்பில் அந்தக் கருவியின் பாதையைக் கொடுத்தால் போதும், எக்ஸ்பிக்குள் அது சாதாரண காம்1 ஆகத் தெரியும். மென்பொருளுக்கு எந்த வித்தியாசமும் புரியாது. போர்டிலேயே சீரியல் போர்ட் இருந்தால் கன்வெர்ட்டரும் வேண்டாம், டிடிஒய்எஸ்0 என்ற பாதையைக் கொடுங்கள்.

கன்வெர்ட்டர் பாதையில் ஒரு கண்ணி இருக்கிறது. டிடிஒய்யுஎஸ்பி0 என்று எழுதினால், இரண்டு கன்வெர்ட்டர் உள்ள இடத்தில் ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பின் 0-வும் 1-ம் இடம் மாறிக்கொள்ளும். 'பை-ஐடி' ஃபோல்டரில் உள்ள நீண்ட பெயர் மாறாது. ஆனால் விலை குறைந்த சிப்களில் தனி எண் எதுவும் பதிந்திருக்காது; ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் இரண்டுக்கும் ஒரே பெயர் வரும். அப்போது 'பை-பாத்' ஃபோல்டரில் உள்ள பெயரைக் கொடுங்கள். அது எந்த யுஎஸ்பி துளை என்பதைக் குறிக்கும். துளைக்கு மேல் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், துடைக்க வருபவர் கழற்றினாலும் சரியான இடத்தில் மாட்டுவார். பாட் ரேட், பாரிட்டி எல்லாம் மென்பொருளில் முன்பு இருந்ததை அப்படியே விடுங்கள்.

பிரின்டர் பழைய பேரலல் போர்ட் வகையாக இருந்து, ஹோஸ்ட் போர்டிலும் அந்தப் போர்ட் இருந்தால் 'பேரலல்0' என்று அதே முறையில் இணைக்கலாம். யுஎஸ்பி பிரின்டர் என்றால் எக்ஸ்பியில் அதை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ (பேரலல் போர்ட்டின் பெயர்) அந்த ஷேரோடு நிலையாகப் பிணையுங்கள். டாஸ் காலத்து மென்பொருள்கள் எல்பிடி1-ஐ மட்டுமே அறியும்.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. எனவே இந்த கெஸ்ட்டை இன்டர்நெட் பக்கம் விடவே கூடாது. எந்த நெட்வொர்க் கார்டும் சேர்க்காத தனி ப்ரிட்ஜ் (கெஸ்ட்களை இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச்) ஒன்று உருவாக்கி அதில் வையுங்கள். இயந்திரம் மாறிவிட்டதால் ஆக்டிவேஷன் மறுபடி கேட்கும். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த இயந்திரத்துக்கு மட்டுமானது, கடையில் தனியாக வாங்கிய ரீட்டெயில் பிரதியே இடம் மாற்ற ஏற்றது.

விண்டோஸ் கெஸ்ட்டில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. திருத்தினாலும் ரீஸ்டார்ட்டில் திரும்பிவிடுகிறது.
— லாரி புக்கிங் ஆபீஸ் ஊழியர், சங்ககிரி

கெஸ்ட்டை உருவாக்கும்போது ஓஎஸ் வகையை லினக்ஸ் என்று விட்டிருப்பீர்கள். லினக்ஸுக்கு ஹோஸ்ட் கொடுப்பது உலகப் பொது நேரம். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆப்ஷன்ஸில் 'யூஸ் லோக்கல் டைம் ஃபார் ஆர்டிசி' என்பதை 'எஸ்' என்று மாற்றி, கெஸ்ட்டை முழுவதும் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். உள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் மாற்றம் ஏறாது.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறோம். புக்கிங், பில்லிங், வைஃபை கன்ட்ரோலர் மூன்றும் ஒரு சிறிய சர்வரில் கெஸ்ட்களாக ஓடுகின்றன. அடிக்கடி கரண்ட் போகிறது, கோடை மழையில் இடியும் மின்னலும் கடுமை, ஆண்டில் பாதி நாள் பனிமூட்டம். இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதாதா?
— விடுதி பொறுப்பாளர், ஏற்காடு

போதாது, பேட்டரி எத்தனை பெரிதாக இருந்தாலும் போதாது. மின்சாரம் போனதை வீட்டு இன்வெர்ட்டர் சர்வருக்குச் சொல்வதில்லை. பேட்டரி தீரும் வரை ஓடிவிட்டு ஒரே நொடியில் எல்லா கெஸ்ட்டும் விழும். பில்லிங் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் கோப்பு சிதையும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: நல்ல பவர் சப்ளைகளில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட்டுக்கு அந்த அலை ஒத்துக்கொள்வதில்லை, இரைச்சலோடு அணைந்துவிடும்.

யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் யுஎஸ்பி துளை வேறு, டேட்டா போர்ட் வேறு. ஹோஸ்ட்டில் நட் என்ற மென்பொருளை இன்ஸ்டால் செய்து அதோடு இணையுங்கள். யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் டிரைவர் ஒத்துவராவிட்டால் நட்டிஆர்வி-க்யூஎக்ஸ் போட்டுப் பாருங்கள். இங்கே விற்கும் பல யுபிஎஸ்கள் அந்த மொழியில்தான் பேசுகின்றன. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று மட்டும் உள்ள சிறிய யுபிஎஸ்ஸில் கணக்குப்படி 84 வாட்-அவர் இருக்கும். வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதிதான் கைக்கு வரும். உங்கள் சர்வரும் ரவுட்டரும் சேர்ந்து 120 வாட் என்றால் சுமார் 20 நிமிடத்தில் தீரும். இரண்டு வருடப் பேட்டரியில் இன்னும் குறையும். ஆகவே கரண்ட் போய் 3 நிமிடத்தில் ஷட்டவுன் தொடங்கும்படி வையுங்கள்.

ஷட்டவுனை ஒருமுறை ஆள் பக்கத்தில் நின்று சோதிக்க வேண்டும். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் (கெஸ்ட்) அணைய ப்ராக்ஸ்மாக்ஸ் இயல்பாக 180 வினாடி காத்திருக்கும். கெஸ்ட் ஏஜென்ட்டை ப்ராக்ஸ்மாக்ஸில் இயக்கிவிட்டு, விண்டோஸுக்குள் இன்ஸ்டால் செய்ய மறந்திருந்தால் அந்த 180 வினாடியும் வீணாகும், மெஷினும் முறையாக அணையாது. ஏஜென்ட் இல்லாத விண்டோஸில் பவர் பட்டனுக்கு 'ஸ்லீப்' என்று இருந்தாலும் இதே கதைதான். 'ஷட் டவுன்' என்று மாற்றுங்கள்.

இன்னொரு சங்கடம். சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பிவிட்டால், யுபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் ஒரு நொடிகூட நிற்காது. பயாஸ் பார்வையில் கரண்ட் போகவே இல்லை. சர்வர் அணைந்தே கிடக்கும், காலையில் யாராவது வந்து பட்டன் அழுத்தும் வரை. ஷட்டவுன் முடிந்ததும் யுபிஎஸ்ஸே வெளியீட்டை வெட்டிவிட்டு, கரண்ட் நிலையானதும் மறுபடி கொடுக்கும்படி நட்டில் அமைக்க முடியும். கட்டாயம் அமையுங்கள். திரும்பக் கிளம்பும்போது வைஃபை கன்ட்ரோலர் முதலில், 60 வினாடி கழித்து பில்லிங், கடைசியில் புக்கிங் என்று 'ஸ்டார்ட் ஆர்டர்' கொடுங்கள்.

மின்னல் பெரும்பாலும் கேபிள் வழியாகத்தான் வரும். வரவேற்பறைக்கும் தனித்தனி காட்டேஜ்களுக்கும் இடையே வெட்டவெளியில் செம்புக் கேபிள் ஓடினால், பக்கத்தில் எங்கோ மரத்தில் விழும் மின்னலும் ஸ்விட்ச் போர்ட்டையும் சர்வர் போர்ட்டையும் சேர்த்துக் கருக்கிவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். ஃபைபர் கேபிளோடு ஒட்டிவரும் இரும்புக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிப் பிரித்துவிடுங்கள். அதுவும் மின்சாரம் கடத்தும். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. மண் ஆழமில்லாத இடத்தில் ஒற்றைக் கம்பி எர்த் பிடிக்காது. கரியும் உப்பும் போட்ட இரண்டு குழிகள் எடுத்து இணைக்கச் சொல்லுங்கள். பிறகு சர்வர் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 3 வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடுங்கள்.

பனிமூட்டத்துக்கு நல்ல மருந்து இயந்திரத்தை அணைக்காமல் ஓட விடுவது. ஓடும் பெட்டி சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் படியாது. நாள்கணக்கில் அணைந்து குளிர்ந்த பெட்டியில்தான் படியும். அப்படிக் கிடந்ததை உடனே ஆன் செய்யாமல், ஈரமில்லாத அறையில் சில மணி நேரம் வைத்துவிட்டுக் கிளப்புங்கள். ஜன்னலோரம், குளியலறைச் சுவரோரம் வேண்டாம். ஏற்காட்டின் 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஃபேன் கொஞ்சம் குறைவாகவே குளிர்விக்கும். ஆனால் ஊரின் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடும். அதே பெட்டியைச் சித்திரை வெயிலில் சேலத்தில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால்தான் கவலை.

பழைய 2யு ரேக் சர்வர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு ஜியான் பிராசசர், 128 ஜிபி ரேம். சேலை டிசைன் ஃபைல்கள் வைக்கவும் இரண்டு மூன்று கெஸ்ட் ஓட்டவும் வாங்கலாமா?
— விசைத்தறி உரிமையாளர், இளம்பிள்ளை

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்த வகை சர்வர் சும்மா இருந்தாலே 150 வாட் இழுக்கக்கூடும். மாதம் 108 யூனிட், இரண்டு மாத பில்லில் 216. நீங்கள் சொல்லும் வேலைக்கு 35 வாட் சிறு இயந்திரம் போதும். அதற்கு மாதம் 25 யூனிட்தான். 2யு பெட்டியின் சிறிய ஃபேன்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிசைன் போட முடியாது.

மாடலையும் பாருங்கள். ஈ5-2600 வரிசையில் முதல் பதிப்பும் வி2-வும் ஏவிஎக்ஸ்2 (புதிய பிராசசர்களில் இருக்கும் கட்டளைத் தொகுதி) இல்லாதவை. ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 அவற்றில் கிளம்பாது. ரேம் டிடிஆர்3 ரெஜிஸ்டர்டு வகை, நாளை வேறு டெஸ்க்டாப்பில் போட உதவாது. டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்துக் காட்டும் ரெய்டு கார்டின் மேல் இசட்எஃப்எஸ் போடுவதும் தப்பு. டிஸ்க்குகளை நேராகப் பார்த்தால்தான் அது பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும். நிறைய டிஸ்க்கும் நிறைய ரேமும் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பெட்டி.

லேப்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டேன். ஹோஸ்ட்டுக்கு வைஃபையில் நெட் வருகிறது, கெஸ்ட்டுக்கு ஐபியே கிடைக்கவில்லை.
— பொறியியல் மாணவர், கருப்பூர்

வைஃபையை ப்ரிட்ஜ் செய்ய முடியாது. ஒரு இணைப்புக்கு ஒரு மேக் முகவரியைத்தான் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஆக்சஸ் பாயின்ட் ஏற்கும். கெஸ்ட் வேறு மேக்கோடு அனுப்பும் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கி ரவுட்டரோடு கேபிளில் இணைத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஹாஸ்டலில் கேபிளுக்கு வழியில்லை என்றால், கார்டு சேர்க்காத ப்ரிட்ஜில் கெஸ்ட்களை வைத்து, அதற்கு 10.10.10.1 போல ஒரு முகவரி கொடுத்து, ஹோஸ்ட்டில் ஐபி ஃபார்வர்டிங்கும் மாஸ்கரேடும் (கெஸ்ட்களின் செய்திகளை ஹோஸ்ட் தன் முகவரியில் அனுப்பும் வசதிகள்) இயக்குங்கள். கெஸ்ட்களுக்கு ஐபியை நீங்களே கையால் கொடுக்க வேண்டும்.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். லாகின்டி அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்பதற்கு 'இக்னோர்' கொடுங்கள். 8 ஜிபி ரேம்தான் என்றால் முழு விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பதில், ஹோஸ்ட்டின் லினக்ஸையே பகிர்ந்துகொள்ளும் எல்எக்ஸ்சி கன்டெய்னர்களில் பழகுங்கள். 512 எம்பியில் ஒன்று ஓடும்.

நேற்று திடீரென்று எல்லா கெஸ்ட்டிலும் மஞ்சள் முக்கோணம், ஐஓ-எரர். எஸ்எஸ்டி நன்றாகவே இருக்கிறது. பில் போட முடியாமல் கடையே நின்றுவிட்டது. ஏன்?
— வெள்ளிக் கொலுசுக் கடை, செவ்வாய்ப்பேட்டை

தின் பூல், அதாவது எல்லா கெஸ்ட்டும் பங்குபோடும் டிஸ்க் இடம், நிரம்பிவிட்டது. 500 ஜிபி எஸ்எஸ்டியில் 200 ஜிபி வீதம் நான்கு டிஸ்க் கொடுத்தாலும் சிஸ்டம் தடுக்காது. எழுதும்போதுதான் இடம் எடுக்கும். நான்கும் வளர்ந்து ஒருநாள் எல்லையைத் தொட்டதும் எல்லா கெஸ்ட்டும் ஒன்றாக உறையும். முதலில் பழைய ஸ்னாப்ஷாட்களை (ஒரு நேரத்து நிலையின் பதிவுகள்) அழியுங்கள்; பெரும்பாலும் இடத்தை விழுங்கியிருப்பது அவைதான். இடம் கிடைத்ததும் ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் 'ரெஸ்யூம்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அவசரத்தில் 'ரீசெட்' அழுத்தாதீர்கள், எழுதாமல் நிற்கும் டேட்டா போய்விடும்.

பிறகு ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'டிஸ்கார்ட்' டிக் செய்து, கெஸ்ட்டை நிறுத்திக் கிளப்பி, விண்டோஸில் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' ஓட்டுங்கள். லினக்ஸில் எஃப்எஸ்ட்ரிம். கெஸ்ட்டுக்குள் அழித்த இடம் அப்போதுதான் பூலுக்குத் திரும்பும். டேட்டாவோடு மெட்டாடேட்டா (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) சதவீதத்தையும் பாருங்கள்; அது நிரம்பினால் மீட்பது இன்னும் கடினம். இரண்டில் எது 80-ஐத் தாண்டினாலும் உடனே கவனியுங்கள்.

வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறோம். தனியாக பேக்கப் வேண்டுமா?
— தனியார் பள்ளி அலுவலகம், சூரமங்கலம்

கட்டாயம் வேண்டும். ஸ்னாப்ஷாட் இருப்பது அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் இரண்டும் போகும். அப்டேட் போடுவதற்கு முன் எடுத்து, சரியாக ஓடினால் அன்றே அழித்துவிட வேண்டிய ஒன்று அது.

ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் வேலையை இரவில் ஆள் இல்லாத நேரத்துக்கு வையுங்கள். வேறு ஒரு பழைய கம்ப்யூட்டரில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் போட்டு அங்கே அனுப்பினால், மாறிய பகுதி மட்டுமே போகும், இடமும் நேரமும் மிச்சம். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6 என்று வைத்திருப்பது பள்ளிக்குப் போதும். இரண்டு யுஎஸ்பி டிஸ்க்கை மாற்றி மாற்றி எடுத்து ஒன்றை எப்போதும் வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். பேக்கப் இருக்கும் இடத்தை எந்த விண்டோஸ் கெஸ்ட்டிலிருந்தும் திறக்க முடியக்கூடாது. டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் முதலில் தேடுவது அதைத்தான். ஹோஸ்ட்டின் சொந்த அமைப்புகள் இந்த பேக்கப்பில் சேராது, ஈடிசி ஃபோல்டரில் உள்ள பிவிஈ பகுதியைத் தனியாக நகல் எடுங்கள்.

பரீட்சை விடுமுறையில் ஒரு கெஸ்ட்டை மீட்டுப் பாருங்கள். புதிய எண் கொடுத்து மீட்டு, கிளப்பும் முன் ஹார்டுவேர் பகுதியில் நெட்வொர்க் கார்டைத் திறந்து 'டிஸ்கனெக்ட்' டிக் செய்ய வேண்டும். மறந்தால் அசலும் நகலும் ஒரே ஐபியில் மோதிக்கொள்ளும். உள்ளே போய் கட்டணப் பதிவில் கடைசி ரசீது எண் சரியா என்று பார்த்துவிட்டு நகலை அழியுங்கள். அசல் நிஜமாகவே போய் மீட்கும் நாளில் 'யூனிக்' பெட்டியை டிக் செய்யாதீர்கள். செய்தால் மேக் முகவரி மாறி, அதை வைத்து உரிமம் பார்க்கும் மென்பொருள்கள் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும்.